நோன்பு நாளில் நின்ற டர்பைன்

மடை காக்கிற வேலை எனக்கு. மலையோடைத் தண்ணீர் மடையில் சேர்ந்து, குழாய் வழியாகக் கீழே பாய்ந்து டர்பைனைச் சுற்றும். பகலில் நெல் குத்தும் மிஷின், பொழுது சாய்ந்தால் நாற்பது வீட்டுக்கு விளக்கு. போன வருஷத்திலிருந்து ஒரே ஒரு ஆளுக்கு அதுதான் மூச்சும். அந்த ஆள் என் பெரியம்மா மகன் அவிங்கன். தங்கச் சுரங்கத்தில் இருபது வருஷம் தூசி தின்றவன். மூக்கில் குழாயும் பக்கத்தில் ஆக்சிஜன் மிஷினுமாகக் கிடந்தான்.

மடைக் கம்பியில் சேரும் சருகை தினமும் காலையில் நான் அள்ளிப் போட வேண்டும். நடவு நோன்பு மூன்று நாள் மட்டும் போகக் கூடாது; மடை ஊருக்கு வெளியே இருக்கிறது. முடிச்சுப் போட்ட நாணலை ஊர் எல்லையில் நட்டுவிட்டால் யாரும் அதைத் தாண்டுவதில்லை. தாண்டினால் பயிரை எலி தின்றுவிடும். மூன்று நாளில் என்ன பெரிய சருகு சேர்ந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இரண்டாம் நாள் விடிகாலையில் மழை கொட்டித் தீர்த்தது. எட்டு மணிக்கு டர்பைன் நின்றுபோனது. அவிங்கன் வீட்டில் ஒரு சிலிண்டர் இருந்தது. கூடிப்போனால் மூன்று மணி நேரம் வரும்.

மண்வெட்டியோடு கிளம்பினேன். நாணல் முடிச்சருகே ஊர்ப்பெரியவர் பலுயோ நின்றார்.

"எங்கடி கெளம்பிட்ட?"

"கல்யாணத்துக்கு. கையில மண்வெட்டி இருக்கே, தெரியலையா மாமா?"

"நீ தாண்டினா நோன்பு மொதல்லேருந்து. பன்னி ஒண்ணு தண்டம். எலி வந்தா ஊருக்கே நீதான் பதில் சொல்லணும்."

"ஆளு செத்தா நீங்க பதில் சொல்வீங்களா?"

சின்ன வயதில் அவிங்கனைத் தோளில் தூக்கி வளர்த்தவர் அவர்.

அதற்குள் அவிங்கன் மனைவி ஒன்னாய் ஓடி வந்தாள். "துல்லா, போகாதே. அவருதான் சொல்லி அனுப்பினாரு. உங்கப்பனாலதான் பயிரு போச்சுன்னு நாளைக்கு எம் புள்ளைங்கள ஊரு பேசக் கூடாதுங்கறாரு." சொல்லிக்கொண்டே என் தோளைப் பிடித்தாள். வாய்தான் போகாதே என்றது. கை என்னை மேட்டுப் பக்கம் தள்ளியது.

"மூச்சு விடறது மட்டுந்தான் உன் புருஷன் வேலை. மத்தத நான் பாத்துக்கறேன், போ," என்றேன்.

தாண்டினேன். பயமாகத்தான் இருந்தது. எனக்கும் வயல் இருக்கிறது, எனக்கும் எலி பயம் உண்டு. மடை முழுக்கச் சேறும் கல்லும் சருகும். இடுப்பளவு தண்ணீரில் நின்று வாரினேன். விரல் மரத்துப்போனது. குழாயில் தண்ணீர் இறங்கவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. டர்பைன் கொட்டகைக்கு ஓடி வால்வைத் திறந்தேன்.

ஊருக்குள் வந்தபோது எல்லாரும் அவிங்கன் வாசலில் நின்றார்கள். உள்ளே அவனுக்கு உதடு நீலம் பாரித்திருந்தது. ஆக்சிஜன் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. என்னை முறைத்தான்.

"ஒன்ன... யாருடி கேட்டா?"

"நீ மட்டும் என்னக் கேட்டா சாகப் போன?"

பின்னாலேயே பலுயோ வந்தார். "என்கிட்ட பன்னி இல்ல மாமா. வேணும்னா என்னை வெட்டுங்க," என்றேன்.

அவிங்கன் கையைத் தூக்கினான். "கொட்டில்ல... என்னுது இருக்கு. புடிச்சுக்கங்க."

ஒன்னாய் விம்மினாள். எங்கள் ஊரில் ஒருவர் செத்தால் அவர் வீட்டுப் பன்றியை வெட்டித்தான் வந்தவர்களுக்குப் போடுவோம். தன் சாவுக்கென்று அவன் ஒரு வருஷமாக வளர்த்த பன்றி அது.

"அது வேணாம்டா," என்றார் பலுயோ.

"மூச்சு என்னுது. தண்டமும் என்னுதுதான்."

மறுநாள் மறுபடி நோன்பு. இந்தத் தடவை நாணலை மடைக்கும் மேலே கொண்டுபோய் நடச் சொன்னார் பலுயோ. மடையும் இனி ஊருக்குள்தான் என்றார். யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

அன்று சாயங்காலமே பன்றியை வெட்டினார்கள். எல்லா வீட்டுக்கும் பங்கு போனது. அவிங்கன் பங்கை பலுயோவே கொண்டுவந்து, ஈரலைப் பிய்த்து ஊட்டினார். அவன் நெடுநேரம் மென்றான். நாங்கள் யாரும் தின்னாமல் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உப்பு கம்மி," என்றான்.

பலுயோ கண்ணைத் துடைத்துக்கொண்டு உப்பு எடுக்கப் போனார்.