இன்னும் இரண்டு இன்னிங்ஸ்

கொரியாவுக்கு எதிராக நீதான் பந்து வீசப்போகிறாய் என்று பயிற்சியாளர் டாம் சார் சொன்னதும் லாவ் கின்போ கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தான். ஹாங்காங்கில் அவன் மினிபஸ் ஓட்டுபவன். பேஸ்பால் வார இறுதியில்தான். கொரியர்களுக்கோ அதுவே பிழைப்பு. ஆசிய விளையாட்டுப் போட்டியில், ஹிரோஷிமாவில் பேஸ்பாலுக்கு முதன்முதலாகப் பதக்கம் கொடுத்த நாளிலிருந்து, தங்கம் ஜப்பான், கொரியா, தைவானைத் தாண்டி வெளியே போனதே கிடையாது.

கின்போ தோல்விக்குப் பயப்படவில்லை. போன போட்டியில் இதே கொரியர்களுக்கு எதிராக வீசிய சக வீரன் மோக்கின் முகத்துக்கே, அவர்கள் அடித்த பந்து திரும்பி வந்தது. தாடை உடைந்து, மாதக்கணக்கில் உறிஞ்சுகுழலில்தான் சாப்பாடு. மட்டைக்காரனுக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சருக்கு முகமூடி உண்டு, மட்டைக்காரனுக்குத் தலைக்கவசம் உண்டு. மேட்டில் நின்று வீசுகிறவனுக்கு வெறும் துணித்தொப்பி.

ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில், ஐந்து முடியும்போது பதினைந்து ஓட்டமோ, ஏழு முடியும்போது பத்து ஓட்டமோ பின்தங்கியிருந்தால் ஆட்டம் அத்தோடு நிறுத்தப்படும். அதுதான் ஒரே ஆறுதல்.

"பதினஞ்சு குடுத்துடலாம்டா," என்றான் கின்போ, கேட்சர் யிப்பிடம். "பல்லோட வீடு போய்ச் சேரலாம்."

"உன் கோணப் பல்லு போனா ஊருக்கே நல்லதுடா," என்று சிரித்தான் யிப். ஆனால் காலில் கட்டிய காப்பை அவனும் இரண்டு முறை அவிழ்த்துக் கட்டினான்.

முதல் இன்னிங்ஸிலேயே ஒரு பந்து காதை உரசிக்கொண்டு பறந்தது. கின்போ குப்புற விழுந்தான். ஐந்து ஓட்டம் போயிற்று. யிப் மேட்டுக்கு வந்தான்.

"வீசுறதுக்கு முன்னாடியே குனியத் தோணுதுடா," என்றான் கின்போ.

"அப்ப வேகமா வீசாத. என் மாமியாருக்குப் போடற மாதிரி போடு."

கின்போ பந்தை உயரத் தூக்கி, தொங்கத் தொங்கப் போட்டான். கொரியர்கள் அவசரப்பட்டு மட்டையைச் சுழற்றினார்கள். பந்து வானத்துக்கு எழும்பி யார் கையிலாவது வந்து விழுந்தது. அவர்கள் பக்கம் சிரிப்பு அடங்கியது.

ஐந்தாவது முடிந்தபோது பதிமூன்றுக்குப் பூஜ்யம். ஆட்டம் நிற்கவில்லை.

"இன்னும் ரெண்டு இன்னிங்ஸ் ஆடப்போறோம்டா!" என்று டாம் சார் துள்ளினார்.

கின்போ கழிப்பறைக்கு ஓடி வாந்தியெடுத்துவிட்டு வந்தான். "சார், வேற யாரையாச்சும் அனுப்புங்க. பயமா இருக்கு."

டாம் சார் பெஞ்சைப் பார்த்தார். எல்லாரும் குனிந்து தங்கள் காலணியைப் பார்த்தார்கள்.

"எல்லாருக்கும்தான் பயம். உனக்கு எப்படிப் போடணும்னாவது தெரியுதே."

ஆறாவதில் ஒருவன் அவசரப்படாமல் காத்திருந்து அடித்தான். கின்போ எதையும் பார்க்கவில்லை. தொடையில் இடி இறங்கியது போலிருந்தது. விழுந்த இடத்திலேயே பந்தைத் தேடிப் பிடித்து, ஊர்ந்தபடியே முதல் பேஸில் நின்ற தன் அணிக்காரனுக்கு எறிந்தான். அவுட். நண்பர்கள் கத்தினார்கள். அவன் தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

ஏழாவது முடிவில் பதினான்குக்குப் பூஜ்யம். பத்து ஓட்டத்துக்கு மேல் வித்தியாசம் என்பதால் நடுவர் ஆட்டத்தை முடித்தார்.

பேருந்துக்குள் உட்கார்ந்து கின்போ மனைவி சுக்யீக்குப் போன் செய்தான்.

"நல்லாத்தான் போச்சு. ஒண்ணும் ஆகல."

"பொய் சொல்லாத. அஞ்சோட முடியலன்னு டிவியில பாத்ததும் பாத்ரூம்ல போய் உக்காந்துட்டேன். இப்பதான் வெளிய வரேன். அடி பட்டுச்சா?"

"கொஞ்சம்."

"அடுத்தது யாரோட?"

"தைவான்."

"அப்ப அன்னைக்கும் எனக்குப் பாத்ரூம்தான்," என்றாள் சுக்யீ.