இரண்டு கை வைத்த உறை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை இலக்கிய தாகத்தால் பிறக்கவில்லை. என் மனைவியின் ரவிக்கையால் பிறந்தது. தீபாவளிக்குத் தைக்கக் கொடுத்தது பொங்கல் தாண்டியும் வரவில்லையே என்று கேட்கப் போனேன். விருத்தாசலத்தில், பீங்கான் பட்டறைகளுக்குப் பின்தெருவில், தையல்கார வாசுகி அக்கா ஒரு மோட்டார் சைக்கிளுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார்.

2

முதல் வரி: "அந்த வண்டி யானையைப் போல…" வேண்டாம். எல்லோரும் யானையைத்தான் எழுதுகிறார்கள்.

"அக்காவின் கணவர் சக்கரபாணிக்கு இடக்கண் சர்க்கரையில் போய்…" இதுவும் வேண்டாம். முதல் வரியிலேயே வாசகரை அழவைப்பது பிச்சை எடுப்பதற்குச் சமம்.

[ஆனால் விஷயம் அதுதான். இனி வண்டியைத் தொடக்கூடாது என்றுவிட்டார் டாக்டர். பதினோரு வருடம் புருசனும் பெண்டாட்டியுமாக ஊர் ஊராகச் சுற்றிய பெரிய வண்டி. விற்க மனமில்லை. வாசலில் நிறுத்தினால் பட்டறைத் தூள் படிகிறது. அதனால் உறை.]

3

பின்சீட்டின் இரு பக்கமும் ரேடியோவுக்கான ஆண்டெனாக்கள் நெட்டுக்குத்தாக நின்றன.

"அத்தக் கழட்டிட்டு மூடு. இனிமே என்னாத்துக்கு அது?" என்றார் சக்கரபாணி.

"கழட்டுனா அது வேற வண்டிங்க. அது ரெண்டுக்கும் நடுவுலதான குந்திகினு வந்தேன்."

அக்கா உறையில் ஆண்டெனாக்களுக்கு இரண்டு கை வைத்துத் தைத்தார். உள்பக்கம் இரண்டு விரல் துணியும் விட்டார்.

"அது எதுக்குக்கா?"

"அப்புறம் பிரிச்சு வுட்டுக்கலாம் சார்."

"வண்டி குண்டாகுமா?"

"கை பழக்கம் சார்."

(அடிக்குறிப்பு: இது என் கற்பனை என்பார்கள். எனக்கு அவ்வளவு திறமை கிடையாது.)

4

முடிவுகள்.

அ) ஆண்டெனாக்களைக் கழற்றுகிறார்கள். உறை கச்சிதமாக உட்காருகிறது. எல்லோரும் தூங்கப் போகிறார்கள், வாசகர் உட்பட.

ஆ) ஒரு விடியலில் சக்கரபாணி ஒற்றைக் கண்ணோடு வண்டியை எடுத்து, சேலம் ரோட்டில் எதிரே வந்த லாரியில்…

ரவிக்கை கொடுக்க வந்த அக்கா, மேசையிலிருந்த இந்தத் தாளைப் படித்துவிட்டார்.

"அவர சாவடிக்காதீங்க சார். வண்டி ஓட்டவும் வுடாதீங்க. மூலைல குந்தவும் வைக்காதீங்க. கண்ணு போனதுலேருந்து எங்கூட பேசறதே கொறஞ்சி போச்சி."

மூன்று வழியையும் அடைத்துவிட்டு என்னைக் கதை எழுதச் சொன்னால் எப்படி? கோபம் வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

5

உறை மாட்டும்போது நானும் ஒரு முனையைப் பிடித்தேன். குழந்தைக்குச் சட்டை போடுகிற வேலைதான். யாராவது உள்ளே நுழைந்து ஆண்டெனாக்களைக் கைக்குள் தள்ளிவிட வேண்டும். சக்கரபாணி நுழைந்தார். ஓர் ஆண்டெனா வெளியே வந்தது. சற்றுப் பொறுத்து இன்னொன்று. அவர் வரவில்லை.

உறையின் நடுப்பகுதி மெல்லப் புடைத்தது. சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். பிறகு உறை குலுங்கியது. அழுகிறார். [நீக்க நினைத்தேன். மனம் வரவில்லை.]

"ஏங்க, சோறு ஆறுது," என்றார் அக்கா.

"வாசுகி," என்றது உறை. "பின்னாடி வந்து குந்து."

அக்கா ஓரத்தைத் தூக்கினார். நான் நோட்டை எடுத்தேன்.

"நீங்க வூட்டுக்குப் போங்க சார்."

வந்துவிட்டேன். உள்ளே என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியாது. தெரிந்தே ஆக வேண்டும் என்கிறவர்கள் விருத்தாசலம் வந்து உறையைத் தூக்கிப் பாருங்கள். அக்கா கையில் கத்தரிக்கோல் இருக்கும்.