மாமாவுக்கு வைத்த ஒயின்

அரியூர் மாமா அண்ணாமலை போன தடவை எங்கள் வளப்பூருக்கு வந்தபோது, தன் மேட்டுக்காட்டு அன்னாசியைப் பிடுங்கிவிட்டு மரவள்ளி நடப்போவதாகச் சொன்னார். லாரிக்காரர்கள் எடுக்க வருவதில்லை, பழம் செடியிலேயே அழுகுகிறதாம். நான் பழம் பதப்படுத்தும் மாலை வகுப்பில் ஜாம், பழரசம் எல்லாம் முடித்து ஒயினுக்கு வந்திருந்த நேரம். எங்கிருந்து துணிச்சல் வந்ததோ தெரியவில்லை.

"ஒரு கூடை பழம் குடுங்க மாமா. ஒயின் போட்டுக் காட்டறேன். நல்லா இருந்தா அன்னாசி இருக்கட்டுங்க."

"நல்லா இல்லீன்னா?"

"நானே வந்து மரவள்ளிக் குச்சி ஊனறேன்."

மாமா சிரித்தார். மறுநாளே ஒரு கூடை பழம் பஸ்ஸில் வந்து சேர்ந்தது.

வகுப்பில் சொன்னபடியே செய்தேன். ஜாடியை வெந்நீர் ஊற்றிக் கழுவி வெயிலில் காயவைத்தேன். காய்ந்துவிட்டதா என்ற சந்தேகத்தில் மறுபடியும் காயவைத்தேன். பழத்தைச் சீவி நசுக்கி, சர்க்கரை, ஆறிய நீர், ஈஸ்ட் சேர்த்தேன். அண்ணி கோகிலா நிறத்துக்காக ஒரு கை செம்பருத்தி இதழைப் போட்டார்.

"வெளுப்பா இருந்தா உங்க மாமன் நீராகாரம்னு நினைச்சுக்குவாரு."

ஜாடியின் வாயைத் துணியால் கட்டினேன். காதை வைத்தால் உள்ளே யாரோ முணுமுணுப்பது போலிருக்கும். அது அடங்கியதும் வடிகட்டி, பாட்டில்களில் நிரப்பிப் பரண்மேல் வைத்தேன்.

ஆசிரியை பொன்னம்மாள் ஒரு விதி சொல்லியிருந்தார்: சந்தேகம் வந்தால் சுவைத்துப் பார்த்து, உடனே வகுப்பு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். எனக்குச் சந்தேகம் வராத நாள் கிடையாது.

முதல் மாலை ஒரு மூடி குடித்துவிட்டு, 'சற்றுப் புளிப்பு' என்று எழுதினேன். 'சற்று' சரிதானா? இன்னொரு மூடி. இப்போது இனித்தது. ஒரு நாக்கை நம்பக் கூடாதென்று அண்ணியைக் கூப்பிட்டேன்.

"கசக்குது," என்றார்.

"எனக்கு இனிக்குதுங்க அண்ணி."

"அப்ப ரெண்டு பேருல ஒருத்தருக்கு நாக்கு சரியில்ல. ஊத்து."

மூடியில் குடிப்பதால் பிளாஸ்டிக் வாசனை சேர்கிறதோ என்று டம்ளருக்கு மாறினோம். அதன்பிறகு, பொழுது சாய்ந்தால் அண்ணியே அடுப்படியிலிருந்து கேட்பார்: "ஏங் கவிதா, இன்னிக்கு உனக்குச் சந்தேகம் வரலியா?"

நேற்று மாமா போன் செய்தார். செடி பிடுங்க அர்த்தனாரியை வரச் சொல்லியாகிவிட்டது, அதற்கு முன்னால் ஒயினைப் பார்க்க வருகிறேன் என்றார். பரணில் ஏறினேன். எல்லாப் பாட்டிலும் காலி. ஒன்றில் மட்டும் அடியில் ஒரு விரற்கடை.

"தண்ணி ஊத்திக் கலக்கிரலாமா?" என்றார் அண்ணி.

"அது ஏமாத்து வேலைங்க அண்ணி."

"சரி. கலக்கினா எப்படி இருக்குன்னு ஒரு வாய் மட்டும்..."

பாட்டிலை என் அறைக்குள் வைத்துப் பூட்டினேன்.

இன்று காலை பஸ்ஸில் மாமா வந்தார். இருப்பதிலேயே சின்ன டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். அவர் டம்ளரையும் என்னையும் பார்த்தார்.

"ஒரு கூடைப் பழத்துக்கு இவ்வளவுதானா கண்ணு?"

"சரியா வந்துச்சான்னு பாத்தோமுங்க மாமா."

"யாரு யாரு?"

அண்ணி கூரையில் எதையோ தேடினார்.

மாமா ஒரே மடக்கில் குடித்தார். டம்ளரைக் கவிழ்த்து நாக்கில் தட்டினார். பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார், அதையும் தட்டினார்.

"நல்லா இருக்குங்களா?" என்றேன். கைக்குள் மரவள்ளிக் குச்சி இருப்பது போலவே இருந்தது.

"எங்க கண்ணு... இனிக்குதா கசக்குதான்னு பாக்கறதுக்குள்ள தீந்துபோச்சே."

காலி பாட்டிலை ஒருமுறை முகர்ந்து பார்த்தார். பிறகு போனை எடுத்தார்.

"அர்த்தனாரி, நாளைக்கு வர வேண்டாம். இல்லப்பா, இன்னும் முடிவு பண்ணல. ஒரு சந்தேகம் இருக்குது."

என்னிடம் திரும்பினார். "ரெண்டு கூடை அனுப்பறேன். வடிகட்டற அன்னிக்கே கூப்புடு, நானே வந்து பாக்கறேன்."

"மூணு பேரு பாத்தாத்தானுங்க சரியா வரும்," என்றார் அண்ணி.

வகுப்பு நோட்டில் 'முடிவு' என்ற இடத்தில் 'நன்று' என்று எழுதியிருக்கிறேன். பென்சிலால்தான்.