பெற்றவள் அழக்கூடாத பேரரசு

போன ஐப்பசியில், விண்வெளிப் பேரரசின் படைவீரன் ஒருவனுடைய பிணம் சிலமலை மயானத்தில் வந்து இறங்கியது. அன்று போடியில் ஏலக்காய் விலை கொஞ்சம் இறக்கம். பெட்டியைப் பதினேழு வீரர்கள் சுமந்து வந்தார்கள். முன்னால் தளபதி, பின்னால் செத்தவனைப் பெற்றவள். அவர்கள் பேசியது அச்சு அசல் சிலமலைத் தமிழ். அந்தப் பேரரசை உண்டாக்கிய கலையரசிக்கு வேறு தமிழ் எழுத வராது.

கலையரசி சிலமலைக்காரி. போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் பில் போடுகிற நேரம் போக, செல்போனில் அந்தப் பேரரசைப் பற்றித் தொடர்கதை எழுதிவந்தாள். படைவீரன் செத்தால் என்னென்ன சடங்கு என்று ஒரு அத்தியாயம் முழுக்க விதிகள். பெட்டியைப் பதினேழு பேர் சுமக்க வேண்டும். பதினேழு வருஷம் கழித்துத்தான் பெற்றவள் அழலாம். அதற்கு முன் அழுதாலோ பிணத்தைத் தொட்டாலோ பேரரசு இடிந்து விழும். பதினேழுக்குள் பிரபஞ்ச ரகசியம் இருப்பதாக வாசகர்கள் பக்கம் பக்கமாக விளக்கினார்கள். மண்ணாங்கட்டி! எஸ்டேட்டுக்குப் போகிற ஜீப்பில் பதினேழு பேரை அடைப்பார்கள், அவ்வளவுதான். கதையில் நான்கு துரோகத்தின் எண். காலையில் அவளை ஏற்றாமல் போகிற பஸ்சின் நம்பர் அது. அழக்கூடாது என்பதை மட்டும் யோசித்துத்தான் எழுதினாள். ஊர் இழவுகளில் மாரடித்து அழுவது அவளுக்குப் பட்டிக்காட்டுத்தனமாகப் பட்டது.

குழியில் இறக்கிய பிணம் மேலே வந்து இடுப்புயரத்தில் மிதந்தது. மறுபடி இறக்கினார்கள், மறுபடி வந்தது. காற்றடித்தால் போடிமெட்டைத் தாண்டிவிடும், செக்போஸ்ட்டில் கேரளாக்காரன் பேப்பர் கேட்பான் என்று வேப்பமரத்தில் கயிறு போட்டுக் கட்டினார்கள். பதினெட்டுப் பேர் தூக்கியிருந்தால் இந்தக் கோளாறு வந்திருக்காது என்றார் ஜோசியர் சுருளி. அதை வைத்து ஊர் ரெண்டு கட்சியாகிச் சண்டை போட்டது.

பெற்றவள் மட்டும் கலையரசியைத் தேடி வந்தாள்.

“ஆத்தா, பதினேழு வருசம் கழிச்சுத்தான் அழணும்னு எழுதிட்டியாமே. அதுவரைக்கும் இத எங்கிட்டு வச்சுக்கிட்டு அலையிறது?” என்று நெஞ்சில் கைவைத்துக் கேட்டாள்.

“மாத்துனா கதைக்கு மருவாதி போயிரும்மா. அதுக்குத்தான் அம்புட்டு லைக்கு வந்துச்சு” என்றாள் கலையரசி.

பெற்றவள் மயானத்துக்குத் திரும்பினாள். மனசு கேட்காமல் கலையரசியும் பின்னாலேயே போனாள். மகனின் காலில் மண் அப்பியிருந்தது. அதைத் துடைக்கப் பெற்றவள் முந்தானையை எடுத்ததும், “தொடாதீக, விதி இருக்கு” என்றார் தளபதி. கையை இழுத்துக்கொண்டாள். பிறகு அந்தக் காலுக்குப் பக்கத்தில் வெறும் காற்றைத் துடைத்தாள்.

 சீ, இதெல்லாம் ஒரு எழுத்தா என்று கலையரசி தலையில் அடித்துக்கொண்டாள். சிக்னல் கிடைக்காமல் மயானச் சுவர்மேல் ஏறி நின்று, பெற்றவள் தொடலாம், அழலாம், இப்போதே அழலாம் என்று எழுதினாள்.

“பேரரசு விழுந்துரும்மா” என்று பதறினார் தளபதி.

“விழுந்துட்டுப் போகுது” என்றாள் கலையரசி.

“என்னப் பெத்த ராசா!” என்று பெற்றவள் மகன்மேல் விழுந்தாள். வயல்சோலியைப் போட்டுவிட்டு வந்த சுப்புத்தாயும் மற்ற ஊர்ப் பெண்களும் அவள் தோளைக் கட்டிக்கொண்டு சேர்ந்து அழுதார்கள். பதினேழு வீரர்களும் மூக்கைச் சிந்தினார்கள். பிணத்துக்குக் கனம் ஏறிக் கயிறு இறுகியது. அவிழ்த்துக் குழியில் வைத்தார்கள், கிடந்தது.

கம்பீரம் போய்விட்டதென்று வாசகர்களில் பாதிப்பேர் விலகினார்கள். பேரரசு அன்று சாயங்காலமே இடிந்து விழுந்தது. தளபதி ஓடிவந்து அதைச் சொன்னபோது சுப்புத்தாய்தான் அவரை அதட்டினாள்.

“கொஞ்சம் பேசாம இருங்கண்ணே. அவ அழுது முடிக்கட்டும்.”