ஆழ்வாப்பிள்ளையின் மாட்டுக்குறி

நெடுந்தீவுத் தபால் கந்தோரில் மாக்கிறேற் பதினோரு வருஷமாகத் தபாலதிபர். ஆளை அடையாளம் காணாமல் அவள் முத்திரைகூட விற்கமாட்டாள் என்று ஊரில் பகிடி பண்ணுவார்கள். பண்ணட்டுமே, அவளுக்கென்ன! எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு, தெற்கில் எரிந்த தமிழர் கடைகளில் பொறுக்கிய சேமிப்புப் புத்தகங்களோடு யார் யாரோ வந்து அடுத்தவன் காசை எடுத்துக்கொண்டு போவதாக மேலிடத்துச் சுற்றறிக்கை வந்திருந்தது. பிழையான ஆளுக்குக் காசு கொடுத்தால் கொடுத்தவரின் சம்பளத்தில் கழிப்பார்கள் என்றும் அதில் இருந்தது.

அடுத்த மாசி மாதம், காலை வள்ளத்தில் வந்த ஒருவர் அப்படியொரு புத்தகத்தை யன்னலுக்குள் நீட்டினார். ஓரமெல்லாம் கருகியிருந்தது. கணக்குக்காரர் பெயர் ஆழ்வாப்பிள்ளை மார்க்கண்டு. அது தான்தான் என்றார். பதினாறு வயதில் மாத்தறைக்குக் கடை வேலைக்குப் போனவர், பிறகு ஊருக்குத் திரும்பவேயில்லையாம். அங்கிருந்தே இந்தக் கணக்குக்குக் காசு அனுப்பி வந்தாராம். கடை எரிந்தபோது அடையாள அட்டையும் போய்விட்டதாம். இதையெல்லாம் அவர் வேறு யாருக்கோ நடந்ததுபோலச் சொன்னார். மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் ஆறு மாதமாக வேலணையில் மச்சாள் வீட்டு விறாந்தையில் கிடக்கிறார்கள். அங்கே சந்தியில் ஒரு கடையறை பேசியிருக்கிறார். இன்று பின்னேரத்துக்குள் முற்பணம் கொடுக்காவிட்டால் அது வேறு ஆளுக்குப் போய்விடும்.

மாக்கிறேற் பழைய கையெழுத்து அட்டையை எடுத்துப் பார்த்தாள். பள்ளிக்கூடப் பெடியனின் உருண்டை எழுத்து. இவர் போட்ட கையெழுத்தோ கடைக்காரரின் ஒரே இழுவை. இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. கந்தோருக்குத் தெரிந்த ஒருவர் சாட்சிக் கையெழுத்து வைத்தால் கொடுக்கலாம். ஆனால் தாயும் தகப்பனும் செத்துப் போனார்கள். தம்பி நாகமுத்து மாடுகளை ஒரு ஆளிடம் விட்டுவிட்டுக் கிளிநொச்சிக்குப் போய்விட்டான். அயலில் இரண்டுபேர் இவர் முகத்தை உற்றுப் பார்த்து, இருக்கலாம் என்றார்கள். இருக்கலாம் என்பவன் கையெழுத்து வைப்பானா?

தபால்காரர் பத்திநாதரும் மாட்டேன் என்றுவிட்டார். அவர் இந்தத் தீவுக்கு வேலைக்கு வந்ததே மார்க்கண்டு ஊரைவிட்டுப் போன பிறகுதான். காணாத முகத்துக்குச் சத்தியம் பண்ண அவருக்கு மனம் வரவில்லை.

வந்தவரைத் திருப்பி அனுப்ப மாக்கிறேற்றுக்கு வாய் வரவில்லை. கள்ளனாயிருந்தால் என்ன செய்வது என்ற பயமும் விடவில்லை. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. நெடுந்தீவில் மாடுகள் கட்டாக்காலியாய்த் திரியும். எது யாருடையது என்று தொடையில் சுட்ட குறிதான் சொல்லும். இங்கத்தைப் பிள்ளைகள் எழுத்துப் படிக்குமுன்னே வீட்டுக் குறியை மண்ணில் கீறுவார்கள். கடதாசித் துண்டொன்றைத் தள்ளி, உம்மட வீட்டு மாட்டுக்குறியைக் கீறும் என்றாள்.

அவர் யோசிக்கவேயில்லை. ஒரு வட்டம், அதன் கீழே இரண்டு கால்.

பத்திநாதர் எட்டிப் பார்த்து, இல்லையென்று தலையை ஆட்டினார். நாகமுத்துவின் மாடுகளுக்கு வட்டத்தின் நடுவே குறுக்குக்கோடு உண்டு. அந்தக் கோடு இதில் இல்லை. வந்தவரின் முகம் செத்துப்போயிற்று. தனக்குத் தெரிந்தது இவ்வளவுதான் என்றார். கருகிய புத்தகத்தை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

மாக்கிறேற் கடதாசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்குதுறையிலிருந்து கந்தோர் வரைக்கும் நாகமுத்துவின் மாடுகள்தான் தெருவை மறித்துப் படுத்திருந்தன. அவளே காலையில் இரண்டைக் கலைத்துவிட்டுத்தான் வந்தாள்.

"கொஞ்சம் நில்லும்," என்றாள். "பத்திநாதர் அண்ணை, கள்ளன் எண்டா வாற வழியில மாட்டைப் பார்த்து அப்பிடியே கீறியிருப்பான். அந்தக் கோடு எப்ப வந்தது?"

பத்திநாதர் நெற்றியைத் தேய்த்தார். பிறகு கதிரையில் மெல்ல இருந்தார்.

"அறுபத்தைஞ்சில," என்றார். "தம்பியார் கலியாணம் முடிச்சு, மாட்டுப்பட்டியைப் பிரிக்கேக்க நானும் படலையடியில நிண்டனான். தம்பியாரின்ர பங்குக்குக் கோடு போடச் சொன்னவர் ஆழ்வாப்பிள்ளையர். வெறுங்குறி மூத்தவன்ர, அவன் வந்து சுடட்டும் எண்டவர். அந்தப் பங்கைச் சாகுமட்டும் ஒருத்தரையும் தொட விடேல்ல. பிறகுதான் அதுகள் வித்தும் செத்தும் போச்சுது."

வெறுங்குறியை அறிந்தவன், அந்தக் கோட்டை அறியாதவன், உலகத்தில் ஒருவன்தான் இருக்கமுடியும். பத்திநாதர் பேனையை வாங்கிச் சாட்சிக் கையெழுத்து வைத்தார்.

மாக்கிறேற் காசை எடுத்து வந்தபோது மார்க்கண்டு யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடை எரிந்ததைச் சொன்னபோது நனையாத கண் இப்போது நிறைந்திருந்தது.

"ஐயாவின்ர செத்தவீட்டுக்கும் நான் வரேல்ல அக்கா," என்றார். "கடையைப் பூட்ட ஏலாதெண்டு தந்தி அடிச்சனான்."

மாக்கிறேற்றுக்குத் தெரியும். ஒன்பது வருஷத்துக்கு முன் அந்தத் தந்தியை எழுதி எடுத்தது அவள் கைதான். இப்படியும் ஒரு பிள்ளையா என்று அன்றைக்கு வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தாள். அதைக் கொண்டுபோய்ச் செத்தவீட்டில் கொடுத்தவர் பத்திநாதர். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

காசை அவர் கையில் வைத்தாள். வள்ளம் வெளிக்கிடப் போகுது, கெதியாப் போங்கோ என்றாள்.