கற்பனை அல்ல

ஐஸ் கம்பெனியில் பில் போடுகிறவள் எழுதிய நாவலை முதலில் யாரும் சீண்டவில்லை. தலைநகரத்து விமர்சகர் ஒருவர் அதைப் படித்துவிட்டு ஞாயிறு பத்திரிகையில் அரைப் பக்கம் எழுதினார். "இது கற்பனை அல்ல, கண்ணால் கண்ட சாட்சியம். அந்தத் தொழிற்சாலை இன்றும் இருக்கிறது" என்று முடித்திருந்தார். ஒரே வாரத்தில் புத்தகம் விற்றுத் தீர்ந்தது.

முதலாளி அவளை உள்ளே கூப்பிட்டார். மேசைமேல் நாவல் கிடந்தது.

"உக்காரும்மா. உனக்குள்ள இவ்வளவு இருக்கும்னு தெரியாமப் போச்சே."

சிரித்தார். அவளும் சிரித்தாள்.

"அமோனியா கசிஞ்சு ஒருத்தன் சாகிறான். பொணத்தைப் பின்பக்கத் தொட்டியில போட்டு சிமெண்டு பூசிடறாங்க. யார் சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லலை சார். நானா கட்டின கதை."

"அவ்வளவு பெரிய மனுஷன் சாட்சியம்னு எழுதியிருக்காரே." அவர் குரல் உயரவில்லை. நாவலை அவள் பக்கம் தள்ளினார். "அங்க தொட்டி இருந்தது உனக்கு எப்படித் தெரியும்?"

அவளுக்குத் தெரியாது. பின்பக்கம் அவள் பார்த்ததெல்லாம் லாரி நிற்கும் சிமெண்டுத் தரைதான். அவள் நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"உன் வீட்டுக்காரர் மெஷின் ரூம்லதானே? நாளையிலேர்ந்து ராத்திரி ஷிப்டு. தனியாப் பார்த்துக்கட்டும்."

வெளியே வந்ததும் விமர்சகருக்குப் போன் செய்தாள். "ஐயா, அது வெறும் கதைன்னு ரெண்டு வரி எழுதிடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"கதைன்னு சொன்னா யாரும்மா மதிப்பா? அந்த உண்மைதான் உங்களைத் தூக்கி நிறுத்தியிருக்கு. தைரியமா இருங்க."

அன்று சாயங்காலமே புருஷனும் பெண்டாட்டியும் வீட்டைப் பூட்டிவிட்டு நாத்தனார் ஊருக்கு பஸ் ஏறினார்கள். "வேலியில போற ஓணானை மடியில கட்டிக்கிட்டியே" என்றான் அவன் பஸ்ஸில். நாத்தனார் ஒன்றும் கேட்காமல் மாடி அறையைக் கொடுத்தாள்.

சில மாதங்களில் நாவலுக்குப் பரிசு கிடைத்தது. உடம்பு சரியில்லை என்று சொல்லி அவள் போகவில்லை. விமர்சகரே மேடையேறி வாங்கிக்கொண்டார். மறுநாள் பேப்பரில் வந்த அவர் பேச்சைக் கணவன் படித்துக் காட்டினான்: "உண்மையை எழுதிய குற்றத்துக்காக, ரயில் நிலையத்துக்கு எதிரே நாத்தனார் வீட்டு மாடியில் அந்தப் பெண் ஒளிந்து வாழ்கிறாள்..."

நிறுத்தினான். "இது அவருக்கு எப்படித் தெரியும்?"

"கேடயம் அனுப்பணும்னு கேட்டாருங்க. சொன்னேன்."

அவன் எழுந்து போய்க் கதவைத் தாழிட்டான். கீழே நாத்தனார் யாருக்கோ பதில் சொல்வது கேட்டது.

"ஆமாங்க, மாடியிலதான் இருக்காங்க."