நின்ற காரணம்

"இன்னைக்கு அந்தப் பேச்சை எடுக்காதேன்னு சொன்னேனா இல்லையா?"

மாமியார் ஹாசியத் அந்தக் காகிதத்தை நான்காக மடித்து மாவு டப்பாவுக்கு அடியில் செருகினாள். செருகிவிட்டு டப்பாவின் மேல் ஒரு தட்டும் தட்டினாள்.

மவ்லூதா கையில் விளக்குமாறோடு நின்றாள். விடிவதற்கு முன்பே தெருவாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து முடித்திருந்தாள். அந்தக் காகிதம் தாஷ்கண்ட் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டிய விண்ணப்பம். ஒரு வருட விடுப்பு முடிந்து, வரலாற்று வகுப்பின் மூன்றாம் ஆண்டில் மறுபடி சேர்வதற்கானது. செப்டம்பர் ஐந்துக்குள் நேரில் போய்க் கொடுக்க வேண்டும். தவறினால் பெயரை அடித்துவிடுவார்கள். இன்று மூன்றாம் தேதி.

"அம்மா, இன்னும் ரெண்டே நாள்தான் இருக்கு."

"நாள் எண்ண எனக்கும் தெரியும். நீ போயிட்டா வர்றவங்க போறவங்களுக்கு டீ ஊத்த யாரு இருக்கா? உன் மாமனாரு ஊத்துவாரா?"

வாசல் கதவுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த மகன் இல்ஹோம் தலையைத் தூக்காமல் சொன்னான்: "விழா முடியட்டும், பாக்கலாம்."

இந்தப் 'பாக்கலாம்' எங்கள் கோகந்து நகரத்தில் எல்லா வீட்டிலும் இருக்கிறது. பெண் கேட்டு வந்தபோது, படிப்புக்கு ஒரு தடையும் இல்லை என்று ரொட்டியைத் தொட்டுச் சொன்னார்கள். கல்யாணம் ஆனதும் ஒரு வருஷம் போகட்டும், பாக்கலாம் என்றார்கள். இப்போது விழா. அதன் பிறகு ஒரு குழந்தை. அதற்கப்புறம் யாரும் எதையும் பார்ப்பதில்லை. எனக்குத் தெரிந்து இந்தத் தெருவில் மட்டும் ஆறு பெண்களின் படிப்பு இப்படித்தான் போயிற்று.

விழா யாருக்கு என்பதுதான் வேடிக்கை. மாமனார் துர்சுனின் தாத்தா ஆபித் தோம்லாவுக்கு. தோம்லா என்றால் எங்களுக்கு வாத்தியார். ஜார் காலத்தில் இந்த வீட்டு விருந்தினர் அறையில் புதுமுறைப் பள்ளி நடத்தியவர். பூகோளமும் கணக்கும் சொல்லித் தந்தார், பெண்பிள்ளைகளுக்கும் தந்தார். அதற்காகத் தெருவில் கல்லடி பட்டார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டில் சோவியத் ஆட்சிக்காரர்கள் சுட்டுக் கொன்றார்கள். அப்புறம் ஐம்பது வருடம் சொந்தப் பிள்ளைகளே அவர் பெயரைச் சொல்லப் பயந்தார்கள். இப்போது அவரைப் போன்ற சீர்திருத்தக்காரர்களின் படங்கள் அலுவலகம்தோறும் தொங்குகின்றன. நேற்றுத்தான் இந்த வாசலில் அவர் பெயர் பொறித்த கறுப்புக் கல்லைப் பதித்துவிட்டுப் போனார்கள்.

அவர் விட்டுப்போனது ஒரு நோட்டு மட்டும். மாட்டுக்கொட்டகைக் கூரையில் செருகி வைத்துத் தப்பியது. இந்த நூறு வருடத்தில் எங்கள் எழுத்தே மூன்று முறை மாறிவிட்டதால், தாத்தா எழுதியதைப் பேரனால் வாசிக்க முடியாது. அரபி எழுத்தில் இருக்கிறது, ஆகவே உள்ளே இருப்பது துவாதான், பிரார்த்தனைதான் என்று வீட்டில் முடிவுகட்டிவிட்டார்கள். பச்சை வெல்வெட்டில் சுற்றிச் சுவர் மாடத்தில் வைத்தார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் நோட்டின் மூலையைத் தண்ணீரில் முக்கிக் குடிக்கக் கொடுப்பார்கள். மந்திரத் தண்ணீருக்கு எதிராகத் தொண்டை கிழியப் பேசியவருக்கு அவர் வீட்டிலேயே கிடைத்த மரியாதை இது.

புது மருமகள் அதைத் தொடக் கூடாது என்பது ஹாசியத்தின் உத்தரவு. ஆனால் மாடத்தைத் துடைப்பதும் அதே மருமகள்தானே! வசந்த காலத்தில் வீட்டைச் சுத்தம் செய்தபோது மவ்லூதா ஒரு தடவை பிரித்துப் பார்த்தாள். பழைய கையெழுத்துகளை வாசிப்பதுதான் அவள் படித்த படிப்பு. கால் மணி நேரம் வாசித்தாள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரு இடத்தில் உட்காரப் பிடிக்கவில்லை. வாயைத் திறந்தால் ஏன் தொட்டாய் என்ற கேள்வி வரும் என்று பேசாமல் இருந்தாள்.

பத்து மணிக்கு வந்தார்கள். மாவட்டப் பண்பாட்டு அதிகாரி ஷவ்கத், ஒரு கேமராக்காரன், தெருப் பெரியவர்கள். எதிர்வீட்டு குல்சாராவும் வந்து முன்னால் உட்கார்ந்தாள். எங்கள் தெருவுக்கு அவள் வாய்தான் செய்தித்தாள்.

விரிப்பில் திராட்சையும் பாதாமும் ரொட்டியும் அடுக்கியிருந்தன. மவ்லூதா தலைத்துணியை நெற்றிவரை இழுத்துவிட்டு, நெஞ்சில் கைவைத்துக் குனிந்து, அரைக் கிண்ணம் டீ ஊற்றி ஒவ்வொருவருக்காக நீட்டினாள். முழுக் கிண்ணம் ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். அரைக் கிண்ணமென்றால் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஷவ்கத் கல்வியைப் பற்றியும் பெண்களைப் பற்றியும் இருபது நிமிடம் பேசினார். நன்றாகத்தான் பேசினார். அதற்குள் அவர் கிண்ணத்தில் அவள் ஏழு தடவை ஊற்றிவிட்டாள்.

"இப்போ நோட்டைத் திறந்து காட்டுங்க ஐயா. கேமராவைப் பாத்து," என்றான் கேமராக்காரன்.

துர்சுன் வெல்வெட்டைப் பிரித்தார், கண்ணில் ஒற்றிக்கொண்டார், நோட்டை விரித்து நெஞ்சுக்கு நேராகப் பிடித்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"அப்பா," என்றாள் மவ்லூதா. மாமனாரை அப்படித்தான் கூப்பிட வேண்டும். "தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க."

குல்சாரா முதலில் சிரித்தாள்.

"மருமகளே, உள்ள போய் ரொட்டி எடுத்துட்டு வா," என்றாள் ஹாசியத் சட்டென்று.

ஷவ்கத் கையை உயர்த்தினார். "இருங்கம்மா. இவங்களுக்கு இது படிக்க வருமா?"

"சின்னப் பொண்ணு ஐயா, ஏதோ உளர்றா."

"வரும்," என்றான் வாசற்படியில் நின்ற இல்ஹோம். சொன்ன பிறகு அவனே திடுக்கிட்டுப் போனான்.

"அடேயப்பா! கேமராவை இந்தப் பக்கம் திருப்புப்பா. வாசிங்க தங்கச்சி, தோம்லாவோட துவாவை நாங்களும் கேக்கறோம்."

அவள் டீக்கெண்டியைக் கீழே வைத்தாள். ஈரக் கையை ஆடையில் துடைத்துக்கொண்டு நோட்டை வாங்கினாள்.

"இது துவா இல்லைங்க ஐயா. பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடு. பெண்பிள்ளைங்களோடது. பேரு, தகப்பன் பேரு, சேர்ந்த நாள், நின்ன நாள், நின்ன காரணம்னு போட்டிருக்கு."

எல்லோரும் துர்சுனைப் பார்த்தார்கள். துர்சுன் ஹாசியத்தைப் பார்த்தார். நாற்பது வருடமாகத் தண்ணீரில் முக்கிக் கொடுத்தது அவள் கைதான்.

மவ்லூதா வாசித்தாள். "ஹோஜர், சொபிரோட மகள். பதினோராம் நாள் நின்னுட்டா. காரணம்: கன்னுக்குட்டிய மேய்க்க ஆள் இல்லை."

பெரியவர்கள் சிரித்தார்கள். அந்தக் காலத்துச் சனங்களே அப்படி என்று ஒருவர் தொடையைத் தட்டிக்கொண்டார்.

"ஒய்னிசா, யூசுபோட மகள். இருபதாம் நாள். காரணம்: தெரு சிரிக்குது. பாஷா, கரீமோட மகள். முப்பத்திரண்டாம் நாள். காரணம்: நிச்சயம் ஆயிடுச்சு. கெட்டிக்காரி. கணக்குல என்னையே திருத்தினா."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அவள் ஒவ்வொரு பெயராக வாசித்தாள். பதினெட்டுப் பெயர்கள். கடைசிப் பெயருக்கு வந்ததும் துர்சுனை ஒரு தடவை பார்த்துவிட்டு வாசித்தாள்.

"சலோமத், ஆபித் தோம்லாவோட மகள். நாப்பத்து மூணாம் நாள். காரணம்: மாப்பிள்ளை வீட்டார் விரும்பலை. மறுத்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரலை. இன்னையோட பெண்பிள்ளைங்க வகுப்பு முடிஞ்சது."

பெண்பிள்ளைகள் வகுப்பை அரசாங்கம்தான் மூடியது என்று விழா தொடங்கும்போதுதான் துர்சுன் கேமராவில் சொல்லியிருந்தார்.

"போதும் மருமகளே," என்றாள் ஹாசியத்.

"இன்னும் ஒண்ணு இருக்கு, அம்மா." அவள் பக்கத்தைத் திருப்பினாள். அதே குரலில், அதே நிதானத்தில் வாசித்தாள். "மவ்லூதா, ரஹ்மத்தோட மகள். மூணாம் வருஷம். காரணம்: விருந்தாளிக்கு டீ ஊத்த வேற ஆள் இல்லை."

அந்தப் பெயர் தோம்லாவின் காலத்துப் பெயரல்ல என்பது பெரியவர்களுக்கு உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. இந்த வீட்டில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு யார் கேட்டிருக்கிறார்கள்! கிட்டத்தில் குனிந்து படம் பிடித்துக்கொண்டிருந்த கேமராக்காரன்தான் விழித்தான்.

"அக்கா, இந்தப் பக்கத்துல ஒண்ணுமே எழுதலையே."

"எழுத விடக் கூடாதுன்னுதான் வாசிச்சேன்," என்றாள். நோட்டை வெல்வெட்டில் வைத்துவிட்டு மறுபடி டீக்கெண்டியை எடுத்து, ஷவ்கத்தின் கிண்ணத்தில் விளிம்புவரை ஊற்றினாள்.

சாயங்காலச் செய்தியில் இரண்டு நிமிடம் காட்டினார்கள். வாசித்த இடம் ஒன்றுகூட வரவில்லை. அவள் நெஞ்சில் கைவைத்துக் குனிந்து டீ நீட்டுவது மட்டும் வந்தது. 'ஆபித் தோம்லா ஏற்றிய அறிவுச் சுடரை இந்தக் குடும்பம் இன்றும் அணையாமல் காக்கிறது. இந்த வீட்டு மருமகள் பழைய எழுத்தையே வாசிக்கிறார்' என்றது பின்குரல். ஹாசியத் ஊரிலுள்ள சொந்தக்காரர்களையெல்லாம் போனில் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னாள். மருமகளிடம் மட்டும் பேசவில்லை.

மறுநாள் காலையில் ஹாசியத் எழுந்தபோது மாவு டப்பா இடம் மாறியிருந்தது. அடியில் காகிதம் இல்லை. கொட்டகையில் இல்ஹோமின் காரும் இல்லை. தாஷ்கண்ட் ரயில் ஏழு மணிக்கு.

அவள் வேகமாக வாசலுக்கு வந்தாள். தெருவாசல் பெருக்கப்படாமல் கிடந்தது. மல்பெரி இலைகளும் நேற்றைய விருந்தாளிகளின் காலடிப் புழுதியும் அப்படியே இருந்தன. கறுப்புக் கல்லுக்குக் கீழே விளக்குமாறு சாத்தியிருந்தது.

தெருவில் மற்ற வாசல்களெல்லாம் ஈரமாக மின்னின. இந்த வீட்டு வாசல் மட்டும் இப்படிக் கிடந்தால் ஊர் என்ன சொல்லும்! பதினைந்து மாதமாகத் தொடாத விளக்குமாற்றை எடுத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு ஹாசியத் குனிந்தாள். நான்கு வீச்சு வீசவில்லை, எதிரே கதவு திறந்தது.

"என்ன ஹாசியத், நீயா பெருக்குற?" குல்சாரா இடுப்பில் கைவைத்து நின்றாள். "மருமக எங்க?"

ஹாசியத் நிமிர்ந்தாள். ஓடிப்போய்விட்டாள் என்று வாய்வரை வந்தது. தலைக்கு மேலே கல், அதில் ஆபித் தோம்லாவின் பெயர். நேற்றுச் செய்தியைக் குல்சாராவும் பார்த்திருக்கிறாள். சிரிக்கத் தயாராகத்தான் நிற்கிறாள்.

"படிக்கப் போயிருக்கா," என்றாள் ஹாசியத். "நாங்கதான் அனுப்பினோம். எங்க குடும்பத்துல அதுதானே வழக்கம்."

சொல்லிவிட்டு மீண்டும் குனிந்து வாசலைப் பெருக்கினாள்.